பிரசவம் எங்கே, பக்கத்தில் யார்? – வாசகர் கேள்வி பதில்

பிரசவத்துக்கு எங்கே போவது என்று இந்த மாதம் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. ஊர் மாறினாலும் நாங்கள் பார்க்கச் சொல்வது இரண்டைத்தான். வலி தொடங்கியதிலிருந்து குழந்தை பிறக்கும்வரை உங்கள் பக்கத்திலேயே இருக்கப்போவது யார்? அவர் கையை மீறிப்போனால் அடுத்தவர் கைக்குப் போய்ச்சேர எத்தனை நிமிடம் ஆகும்? கட்டடமும் ஏ.சி. அறையும் அதற்கப்புறம்தான்.

கேள்வி: எனக்கு இது முதல் குழந்தை. எட்டாம் மாதம் நடக்கிறது. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் பார்த்து வருகிறேன். பி.பி., சர்க்கரை எல்லாம் சரியாக இருக்கிறது. ரத்தம் (ஹீமோகுளோபின்) 11.2. குழந்தை தலை கீழாகத்தான் இருக்கிறது. ஆனால் ராத்திரியில் அங்கே டாக்டர் இருக்க மாட்டார், நர்ஸ்தான் பிரசவம் பார்ப்பார் என்று மாமியார் தயங்குகிறார். தனியாருக்கு மாறலாமா?
– வாசகி, நத்தம், திண்டுக்கல் மாவட்டம்

"நர்ஸ்தான் பார்ப்பார்" என்பதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிக்கலில்லாத பிரசவம் உலகம் முழுக்கவே மருத்துவச்சியின் வேலைதான். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஷிப்டு முறையில் பணிசெய்யும் ஸ்டாஃப் நர்ஸ், செவிலியர் படிப்போடு பேறுகாலப் பயிற்சியும் சேர்த்து முடித்தவர். தன்னால் பார்க்க முடியாததை எப்போது அனுப்பிவைக்க வேண்டும் என்று தெரிந்திருப்பதும் அந்தப் பயிற்சியில் ஒரு பகுதி.

நீங்கள் எழுதியிருக்கும் விவரப்படி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்த்துக்கொள்ளத் தடை எதுவும் இல்லை. தடை என்றால் இவை: முன்பு ஆபரேஷன் ஆனது, இரட்டைக் குழந்தை, குழந்தை குறுக்காகவோ கால் முன்னாலோ இருப்பது, பி.பி. 140/90-ஐத் தொடுவது, சர்க்கரைக்கு இன்சுலின் போடுவது, நஞ்சுக்கொடி கீழே இறங்கி கர்ப்பப்பை வாயை அடைத்திருப்பது, ரத்தம் 7-க்குக் கீழே போவது, இதய நோய், வலிப்பு. கடைசி மாதத்தில் இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலும் இடத்தை மாற்றிவிட வேண்டும். அதனால் 36 வாரத்துக்கு மேல் ஒவ்வொரு வாரமும் பி.பி. பார்த்துக்கொள்ளுங்கள். தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி இருந்தால் அடுத்த வாரத்துக்காகக் காத்திருக்காமல் அன்றே போங்கள்.

ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில் மாமியாரையும் அழைத்துக்கொண்டு அந்த நிலையத்தின் பிரசவ அறையை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். போன மாதம் எத்தனை பிரசவம் நடந்தது என்று கேளுங்கள். மாதத்துக்கு ஒன்றிரண்டுதான் என்றால் கைப்பழக்கம் குறைந்திருக்கும். குழந்தையை வைக்கும் வார்மர் வேலை செய்கிறதா, குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் பையும் மாஸ்க்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, ஆக்சிஜன் சிலிண்டரில் முள் எங்கே நிற்கிறது, கரண்ட் போனால் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஆக்சிடோசின் ஊசியை எங்கே வைக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். பிரசவமானதும் கர்ப்பப்பை சுருங்கப் போடும் ஊசி அது. 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அலமாரியில் கிடந்தால் வீரியம் குறைந்துவிடும். போட்டும் ரத்தம் நிற்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஃபிரிட்ஜில் இருக்கிறது என்று அவர் திறந்து காட்டினால், மற்ற விஷயங்களிலும் அந்த இடத்தை நம்பலாம்.

கடைசியாக, இங்கே முடியாவிட்டால் எங்கே அனுப்புவீர்கள், 108 எங்கே நிற்கிறது, போக எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். 24 மணி நேரமும் ஆபரேஷன் வசதியும் ரத்த வங்கியும் உள்ள அரசு மருத்துவமனைகளைச் சீமாங் மையம் என்பார்கள். அது அரை மணிக்குள் என்றால் தைரியமாக இங்கேயே பிரசவம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால், முதல் பிரசவத்துக்கு நேரே அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. குழந்தை பிறந்தபின் கட்டுக்கடங்காமல் ரத்தம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிரே போய்விடக்கூடும். அதில் ஒரு மணி நேரத்தை ரோட்டில் செலவழிக்க முடியாது.

நல்ல மருத்துவச்சி வலி நேரத்தில் என்ன செய்வார் என்று தெரிந்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அரை மணிக்கு ஒருமுறை வந்து, வயிற்றில் கையை வைத்து, பத்து நிமிடத்தில் எத்தனை வலி, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி என்று எண்ணுவார். வலி அடங்கும்போது டாப்ளரை வைத்து ஒரு முழு நிமிடம் குழந்தையின் துடிப்பைக் கேட்பார். 110-க்கும் 160-க்கும் நடுவே இருக்க வேண்டும். முக்கும் கட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பி.பி.யும் கர்ப்பப்பை வாய் திறந்த அளவும் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே தாளில் குறிப்பார். வாய் 5 செ.மீ. திறந்த பிறகுதான் வலி முழு வேகம் பிடித்ததாகக் கணக்கு. அதிலிருந்து முதல் பிரசவத்துக்கு 12 மணி நேரம்வரை ஆகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 3 செ.மீ.யில் அட்மிட் ஆகிவிட்டு "இன்னும் திறக்கவில்லையே" என்று பதறுவதில்தான் தேவையில்லாத டிரிப்பும் தேவையில்லாத ஆபரேஷனும் தொடங்குகின்றன. அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் முக்கால் நிமிடத்துக்கு மேல், இப்படி ஒரு மணி நேரம் விடாமல் வந்தால் கிளம்புங்கள். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ உடனே கிளம்புங்கள்.

தனியாருக்குப் போவதாக முடிவு செய்தாலும் இதே கேள்விகளைக் கேளுங்கள். பல சிறிய நர்சிங் ஹோம்களில் டாக்டர் கடைசி அரை மணியில்தான் வருவார். அதுவரை பக்கத்தில் இருப்பவர் பதிவு பெற்ற நர்ஸா, மயக்க மருந்து டாக்டர் எவ்வளவு நேரத்தில் வருவார், எல்லாருக்கும் பிறப்பு வழியை வெட்டித் தையல் போடுவீர்களா என்று கேளுங்கள். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் தனியாரில் நடக்கும் பிரசவங்களில் 63.8 சதவீதம் ஆபரேஷன். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். அரசில் இருப்பதும் அதிகம்தான். இருந்தாலும், "டாக்டர் இருக்கிறார்" என்பதற்காக மட்டும் மாறுகிறவர்கள் இந்த எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: வெளிநாடு போல இந்தியாவிலும் மிட்வைஃப் மட்டுமே நடத்தும் பிரசவ அறை வந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், வேலூர்

தொடங்கியிருக்கிறது. மத்திய அரசு 2018-இல் மருத்துவச்சி சேவைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நர்சிங் முடித்து, பிரசவம் பார்த்த அனுபவமும் உள்ளவர்களுக்கு மேலும் 18 மாதம் பயிற்சி தந்து, பெரிய ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே அவர்கள் பொறுப்பில் தனிப் பிரசவ அறை அமைப்பது திட்டம். தெலங்கானா இதில் முன்னே நிற்கிறது. வளாகத்துக்குள்ளேயே என்பதுதான் இதில் முக்கியம். சிக்கல் வந்தால் ஆபரேஷன் தியேட்டர் பக்கத்து வராந்தாவில் இருக்கும். உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ இந்த அறை இருக்கிறதா என்று மகப்பேறு வார்டு ஹெட் நர்ஸிடம் கேட்டாலே தெரிந்துவிடும். சிக்கல் இல்லாத பெண்ணுக்கு அது மிக நல்ல தேர்வு.

கேள்வி: தாம்பரத்தில் இருக்கிறேன். ஒன்பதாம் மாதம் வளைகாப்பு போட்டு பட்டுக்கோட்டைக்கு, அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். இங்கே பதிவு செய்திருக்கிறேன். அங்கே போய் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?
– வாசகி, தாம்பரம்

வேண்டாம். உங்கள் 12 இலக்கப் பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்தபோது தந்த எண்) தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான். பிறப்புச் சான்றிதழுக்கும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்கும் அந்த எண்தான் அடிப்படை. கிளம்பும் முன் இங்குள்ள கிராம அல்லது நகர்ப்புற சுகாதார செவிலியரிடம், பிரசவத்துக்குப் பட்டுக்கோட்டை போகிறேன் என்று சொல்லிப் பதிய வையுங்கள். போய் இறங்கிய வாரமே அம்மா ஊர் செவிலியரைப் பார்த்து அதே எண்ணைக் கொடுங்கள்.

எண் பின்னாலேயே வந்துவிடும். ஏழெட்டு மாதமாக உங்களைப் பார்த்த செவிலியரின் நினைவு அப்படி வராது. நம் வழக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது பெண்ணின் மனதுக்கு ஆறுதல், அதை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிரசவத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது எல்லாரும் புதுமுகம் ஆகிவிடுகிறார்கள். அதனால் முடிந்தால் வளைகாப்பை ஏழாம் மாதத்திலேயே வைத்து, 34 வாரத்துக்குள் போய்விடுங்கள். பிரசவம் பார்க்கப்போகும் இடத்துக்கு வலி வருமுன் இரண்டு முறையாவது போய், அங்குள்ள நர்ஸ் உங்கள் முகத்தை அறிந்திருக்கும்படி செய்யுங்கள்.

பையில் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் இருக்க வேண்டும். பிரசவத் தேதியை ஏறக்குறையத் துல்லியமாகச் சொல்வது அது ஒன்றுதான். கடைசி மாத ஸ்கேனில் தேதி இரண்டு மூன்று வாரம் முன்னும் பின்னும் போகும். பழைய ரிப்போர்ட்டைத் தாம்பரத்திலேயே விட்டுவிட்டுப் போனால், புது இடத்தில் புது ஸ்கேனை வைத்து "நாள் தாண்டிவிட்டது" என்று வலி வர மருந்து வைத்துவிடுவார்கள். அல்லது உண்மையிலேயே தாண்டியது தெரியாமல் இருந்துவிடுவார்கள். இரண்டும் நடக்கிறது. தாய் சேய் நல அட்டை, ரத்த வகை சீட்டு, சர்க்கரைப் பரிசோதனை முடிவு ஆகியவையும் உடன் வரட்டும். ரத்தம் நெகட்டிவ் வகையாக இருந்தால், பிரசவம் ஆன 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஆன்டி-டி ஊசி புது இடத்தில் கிடைக்குமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

கேள்வி: முதல் குழந்தை ஆபரேஷன். இப்போது இரண்டாவது, நான்கு வருட இடைவெளி. சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று ஆசை. எங்கள் ஊர் நர்ஸ் மிகக் கைராசிக்காரர். அவரிடமே பார்த்துக்கொள்ளலாமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

ஆசைப்படுவதில் தவறில்லை. இடம் மட்டும் அது இல்லை. ஒருமுறை ஆபரேஷன் ஆனவர்கள் முயன்றால் நூற்றுக்கு 72 முதல் 75 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. ஆனால் 200 பேரில் ஒருவருக்கு வலி நேரத்தில் கர்ப்பப்பையின் பழைய தழும்பு விட்டுப்போகலாம். அப்படி ஆனால் குழந்தையைக் காப்பாற்ற நிமிடக்கணக்கில்தான் நேரம். தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம் மூன்றும் அதே கட்டடத்தில் தயாராக இருக்க வேண்டும். அதனால் உங்களுக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, சீமாங் வசதி உள்ள அரசு மருத்துவமனையோதான் சரி. உங்கள் ஊர் நர்ஸே இதைத்தான் சொல்வார். சொல்லவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

முதல் ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டினார்களா, மேலே நெடுக்காக வெட்டினார்களா என்பது அதில் இருக்கும். வயிற்றுத் தோலில் இருக்கும் தழும்பை வைத்து இதைச் சொல்ல முடியாது. நெடுக்கு வெட்டு என்றால் முயற்சியே கூடாது. குறுக்கு என்றால், எதற்காக ஆபரேஷன் செய்தார்கள் என்று பாருங்கள். குழந்தை தலைகீழாகத் திரும்பாததால் செய்திருந்தால் இம்முறை வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. வலி தானாக வரட்டும். மருந்து வைத்து வரவழைத்தால் தழும்பு விடும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு கூடும்.

வார்டிலும் மருத்துவச்சியின் வேலை குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது. குழந்தையின் துடிப்பை விட்டுவிட்டுக் கேட்டால் போதாது, மெஷினில் தொடர்ந்து ஓட வேண்டும். தழும்பு விடும்போது முதலில் கெட்டுப்போவது பெரும்பாலும் துடிப்புதான். வலி அடங்கும் இடைவெளியிலும் அடிவயிற்றில் ஒரே இடத்தில் வலித்துக்கொண்டே இருந்தாலோ, நன்றாக வந்துகொண்டிருந்த வலி சட்டென்று நின்றுவிட்டாலோ, யாரும் கேட்கக் காத்திருக்காமல் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே தண்ணீர்த் தொட்டியில் பிரசவம் பார்க்கும் வீடியோக்களைக் கணவர் காட்டுகிறார். லண்டனில் எல்லாம் இதைத்தான் செய்கிறார்களாம். நம் பாட்டிகள் வீட்டில்தானே பெற்றார்கள் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

உங்கள் பயம் நியாயமானது. லண்டனில் வீட்டுப் பிரசவம் என்றால், பதிவு பெற்ற இரண்டு மிட்வைஃப்கள் ஆக்சிடோசின், ஆக்சிஜன், குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் பை எல்லாவற்றோடும் வீட்டுக்கு வருவார்கள். பக்கத்து மருத்துவமனைக்கு அந்தப் பெண்ணின் முழு விவரமும் தெரியும். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிப்போவது அந்த ஏற்பாட்டிலேயே அடங்கியது. நம் ஊரில் அந்த ஏற்பாடு இல்லை. வீடியோவில் தொட்டி தெரிகிறது, பின்னால் இருக்கும் ஆட்கள் தெரிவதில்லை. 2018 ஜூலையில் திருப்பூரில் இப்படி வீட்டில் நடந்த ஒரு பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் ஓர் இளம் தாய் இறந்துபோனார். பாட்டிகள் காலத்தில் பிழைத்தவர்கள்தான் நமக்குக் கதை சொல்ல இருந்தார்கள்.

வீட்டில் பெற வேண்டும் என்ற ஆசைக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் வேறொன்று: திட்டு வாங்காமல், மல்லாக்கப் படுத்தே கிடக்காமல், சொந்தக்காரர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு பெற வேண்டும் என்பது. அதை ஆஸ்பத்திரியிலேயே கேட்டு வாங்கலாம். வலி நேரத்தில் நடக்கலாம், உட்காரலாம், பக்கவாட்டில் படுக்கலாம், கஞ்சியோ இளநீரோ குடிக்கலாம். சவரமும் எனிமாவும் தேவையில்லை. எல்லாருக்கும் தையல் போடத் தேவையில்லை. வயிற்றைப் பிடித்து அமுக்குவது கூடவே கூடாது. இவை அத்தனையும் உலக சுகாதார நிறுவனமே சொல்பவை.

திடீரென்று வீட்டிலோ வண்டியிலோ குழந்தை வந்துவிட்டால் முதலில் 108. குழந்தையை இழுக்க வேண்டாம், வெளியே வரும்போது தாங்கினால் போதும். உடனே சுத்தமான துணியால் நன்றாகத் துடைத்து, தாயின் வெறும் நெஞ்சில் போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். பிளேடாலோ கத்தரியாலோ கொடியை வெட்ட வேண்டாம். கொடி அப்படியே இருப்பதால் கெடுதல் இல்லை, அழுக்கு பிளேடால் உயிரே போகும். நஞ்சைப் பிடித்து இழுக்கக் கூடாது. தானாக வந்தால் ஒரு கவரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். முழுதாக வந்திருக்கிறதா என்று அவர்கள் பார்க்க வேண்டும்.

கேள்வி: லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறேன். முதல் குழந்தை, 20 வாரம். வீடா, பர்த் சென்டரா, லேபர் வார்டா என்று மிட்வைஃப் கேட்கிறார். இதுவரை டாக்டரையே பார்க்கவில்லையே என்று ஊரிலிருந்து அம்மா கவலைப்படுகிறார்.
– வாசகி, லண்டன்

அங்கே டாக்டரைப் பார்க்காமல் இருப்பது நல்ல அறிகுறி என்று அம்மாவிடம் சொல்லுங்கள். சிக்கல் இருந்தால்தான் டாக்டரிடம் அனுப்புவார்கள்.

எங்கே என்பதற்கு இங்கிலாந்திலேயே பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. சிக்கல் இல்லாத சுமார் 64,000 பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் பிரசவத்தில் குழந்தைக்குப் பெரிய பாதிப்பு ஏற்பட்டது, லேபர் வார்டுக்குத் திட்டமிட்டவர்களில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டுக்குத் திட்டமிட்டவர்களில் ஆயிரத்துக்கு 9.3. மிட்வைஃப்களே நடத்தும் பர்த் சென்டரில் லேபர் வார்டைவிடக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை, ஆபரேஷனும் ஆயுதப் பிரசவமும் குறைவாகவே இருந்தன. இரண்டாவது குழந்தை முதல் வீட்டிலும் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் உங்களுக்கு நாங்கள் சொல்வது, மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே உள்ள பர்த் சென்டர்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். அப்படி வளாகத்துக்குள் பர்த் சென்டரில் தொடங்கிய முதல் பிரசவக்காரர்களில் நூற்றுக்கு 40 பேர் நடுவிலோ பிரசவம் ஆன உடனேயோ லேபர் வார்டுக்கு மாற்றப்பட்டார்கள். வீட்டில் தொடங்கியவர்களில் 45 பேர். பெரும்பாலும் வலி மெதுவாகப் போனதாலோ, எபிடியூரல் (முதுகில் போடும் வலி மரப்பு ஊசி) கேட்டதாலோதான். எபிடியூரல் லேபர் வார்டில் மட்டும்தான் கிடைக்கும். பர்த் சென்டரில் வெந்நீர்த் தொட்டியும், வலி குறைய மூச்சில் இழுக்கும் காஸ் அண்ட் ஏரும் உண்டு. மாற்றினால் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். அவர்கள் ஏற்பாடு அப்படித்தான் ஓடுகிறது. வளாகத்துக்குள் என்றால் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போவார்கள், வெளியே என்றால் ஆம்புலன்ஸ். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

தெற்காசியப் பெண் என்பதால் 24–28 வாரத்தில் உங்களுக்குச் சர்க்கரைப் பரிசோதனை இருக்கும். அதைத் தவறவிட வேண்டாம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 7.8 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. நம் ஊர்க் கணக்கில் 140. அப்படி வந்தால் பெரும்பாலும் லேபர் வார்டுக்கு மாற்றச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள், காசு கிடையாது. கணவரை மொழிபெயர்க்க விடாதீர்கள். வீட்டில் அடி உண்டா, மனம் சோர்ந்திருக்கிறதா என்றெல்லாம் மிட்வைஃப் தனியாகக் கேட்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஸ்கார்பரோவில் இருக்கிறோம். மிட்வைஃப் எடுத்தால் வீட்டில்தான் பெற வேண்டுமாம், எபிடியூரல் கிடைக்காதாம். உண்மையா?
– வாசகர், டொரண்டோ

இரண்டும் இல்லை. ஒன்டாரியோவில் 1994 முதல் மிட்வைஃப் சேவை மாகாண அரசு செலவில் நடக்கிறது. அவர் மருத்துவமனையிலும் பிரசவம் பார்ப்பார், வீட்டிலும் பார்ப்பார், பர்த் சென்டரிலும் பார்ப்பார். மருத்துவமனையில் எபிடியூரலும் வாங்கலாம். சில மருத்துவமனைகளில் அந்த நேரம் பொறுப்பு டாக்டருக்கு மாறும், மிட்வைஃப் கூடவே இருப்பார். ஆனால் சிக்கல் இல்லாத கர்ப்பத்துக்கு மிட்வைஃப், டாக்டர் இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் எந்த மருத்துவமனை என்று முடிவு செய்துவிட்டு, அங்கே பிரசவம் பார்க்க அனுமதி உள்ள மிட்வைஃப் குழுவைக் கூப்பிடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு வருந்துகிறார்கள். கர்ப்பம் என்று தெரிந்த வாரமே போன் செய்யுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். டாக்டர் கடிதம் தேவையில்லை. சுகாதார அட்டை இன்னும் வராத புதுக்குடியேறிகளையும் பார்ப்பார்கள். இதில் எங்களுக்கு மிகவும் பிடித்தது பிரசவத்துக்குப் பிறகுதான். முதல் நாட்களில் மிட்வைஃபே வீடு தேடி வந்து குழந்தையின் எடையையும் பால் குடிப்பதையும் பார்ப்பார். ஆறு வாரம் வரை தாய், குழந்தை இருவருக்கும் அவர்தான் பொறுப்பு. அம்மாவுக்கு விசா கிடைக்காத வீடுகளில் இது எவ்வளவு பெரிய துணை என்று சொல்லத் தேவையில்லை.

கேள்வி: எங்கள் பகுதி குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து என்னை நன்றாகப் பார்க்கிறார். பிரசவத்துக்கும் அவரே வருவாரா?
– வாசகி, கிளிநொச்சி

வரமாட்டார். இலங்கையில் களத்தில் பணிசெய்யும் மருத்துவமாதுவும் (அவர்தான் உங்கள் குடும்பநல உத்தியோகத்தர்) ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில் பணிசெய்யும் மருத்துவமாதுவும் வேறு வேறு ஆட்கள். உங்களை இருவருக்கும் நடுவே இணைப்பது கையிலுள்ள கர்ப்பப் பதிவேடுதான், அதை எங்கே போனாலும் கொண்டுபோங்கள். மகப்பேற்று நிபுணர் உள்ள ஆஸ்பத்திரியையே தேர்ந்தெடுங்கள். வீடு திரும்பிய அன்றே குடும்பநல உத்தியோகத்தருக்கு அறிவித்தால், முதல் பத்து நாளுக்குள் அவர் வந்து பார்ப்பார்.

கேள்வி: மகளுக்குத் துணையாகப் பிரசவ அறைக்குள் நான் போகப்போகிறேன். அரசு ஆஸ்பத்திரி. நான் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது?
– ஒரு தாய், அருப்புக்கோட்டை

பொதுவான பிரசவ அறையில் பெண் துணைக்குத்தான் அனுமதி. பெற்ற அனுபவமுள்ள நீங்கள் பொருத்தமானவர். வலி வரும்போது இடுப்புக்குக் கீழே முதுகெலும்பின் அடியில் உள்ளங்கையை வைத்து அழுத்திக் கொடுங்கள். வலி விட்டதும் ஒரு வாய் தண்ணீர். நேரத்துக்குச் சிறுநீர் கழிக்க நினைவூட்டுங்கள், நிறைந்த சிறுநீர்ப்பை குழந்தை இறங்குவதைத் தடுக்கும். "முக்கு, முக்கு" என்று நீங்களாகச் சொல்ல வேண்டாம். வாய் முழுதாகத் திறக்குமுன் முக்கினால் அவளுக்கு வீண் களைப்புதான் மிஞ்சும். எப்போது என்று நர்ஸ் சொல்வார்.

குழந்தை பிறந்ததும் எல்லார் கண்ணும் குழந்தை மேல் போய்விடும். உங்கள் கண் மகள் மேல் இருக்கட்டும். நஞ்சு வந்தபின் தொப்புளுக்குச் சற்றுக் கீழே கர்ப்பப்பையைத் தொட்டுப் பார்க்க நர்ஸிடம் கற்றுக்கொள்ளுங்கள். உரித்த தேங்காய் மாதிரிக் கெட்டியாக இருந்தால் சரி. மாவு மாதிரிக் குழைந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். அவர் வட்டமாகத் தேய்த்துக் கெட்டியாக்குவார், ஊசி போடுவார். முதல் இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறை அடியில் வைத்த துணியைத் தூக்கிப் பாருங்கள். மகள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள், குளிருகிறது என்பாள், கண்ணை மூடிக்கொண்டே இருப்பாள். களைப்பில் தூங்குகிறாள் என்று விட்டுவிடாதீர்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போடச் சொல்லுங்கள். சர்க்கரைத் தண்ணீரும் தேனும் வேண்டாம். சுகப்பிரசவமானாலும் 48 மணி நேரம் அங்கேயே இருங்கள். வீட்டுக்கு வந்தபின் ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, எந்த நேரமானாலும் 108-ஐக் கூப்பிட்டு அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போங்கள்.